முதுகில் கரி படிந்த சிலை

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம். ஒருவர் தோள் இன்னொருவர் தோளில் படுகிற மாதிரி உட்காருங்கள். இந்தக் கதைக்கு அந்தச் சூடு வேண்டியிருக்கும். ஒரு வீட்டுக்குள் வந்த மரச்சிலையைப் பற்றிச் சொல்லப்போகிறேன். பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் வெட்கம் என்ன இருக்கிறது?

ஒரு பல் டாக்டர் இருந்தார். பகலெல்லாம் ஊரார் வாயைத் திறக்கச் சொல்வார். வீட்டுக்கு வந்தால் தன் வாயைத் திறக்கமாட்டார். அவர் உயிர் முழுக்கப் பழம்பொருள்கள் மேல். கடல் தாண்டி வந்த வெண்கலப் புத்தர்கள், அரக்குப் பூசிய பெட்டிகள், சிங்கமுகம் வைத்த தூபக்கால், நீலப்பூப் போட்ட பீங்கான் ஜாடிகள், எந்தக் கோயில் கதவிலிருந்தோ கழன்று வந்த ஒரு மரத் தேவதை. அந்த மாடிவீட்டுக் கூடத்தில் சுவர் தெரியாது, அலமாரிதான் தெரியும். ஆஸ்பத்திரியில் முனை மழுங்கிப்போன கொக்கிகளையும் பிரஷ்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, லீவு நாளில் சாமிகளின் காதுமடலுக்குள் அடைந்த அழுக்கை எடுத்துக்கொண்டிருப்பார்.

"அம்மா, அப்பா புத்தருக்குப் பல் புடுங்குறார், வந்து பாரேன்" என்று கத்துவாள் மகள். பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படிக்கிற பெண். வாய் எட்டு ஊருக்குக் கேட்கும். "இந்த வீட்ல மனுஷங்களைவிட சாமிங்க ஜாஸ்தி. ஓட்டு எடுத்தா நாமதான் மூட்டை கட்டணும்."

"கட்டு. தூசி துடைக்கிற வேலையாவது எனக்கு மிச்சம்" என்பாள் மனைவி.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த வீடு.

ஒரு மழைக்கால மாலையில் அந்தச் சிலை வந்தது. கைக்குழந்தை உயரம்தான். சுற்றியிருந்த துணியை அவிழ்த்ததும் அணைந்த திரியின் வாசனை கூடத்தில் பரவியது. ஏதோ மலைக்கோயிலில், பாறையை ஒட்டி நின்றிருந்த சிலையாம். கடைக்காரர் அதற்குமேல் சொல்லவில்லை. ஆணென்றால் ஆண், பெண்ணென்றால் பெண், அப்படியொரு முகம். கண்கள் தரையைப் பார்த்துத் தாழ்ந்திருந்தன.

"முகத்தைப் பாரும்மா" என்றார் டாக்டர். கல்யாணத்தன்றுகூட அவர் குரல் அப்படிக் குழைந்ததில்லை. "எவ்வளவு வயசான சிலை! ஒரு கீறல் இருக்கா? நேத்து செதுக்கின மாதிரி இல்ல?"

"முதுகு ஏங்க இப்படி இருக்கு?"

முதுகு கன்னங்கரேலென்று இருந்தது. விளக்குக் கரி, எண்ணெய்ப் பிசுக்கு, உருகி வழிந்து காய்ந்த மெழுகு. கை பட்டுப் பட்டுத் தோள்பட்டைகள் கூழாங்கல் போலத் தேய்ந்திருந்தன. பழைய சிலைகளில் முதலில் தேய்வது மூக்கும் பாதமும்தான், கண்ணுகளா. பழசு சேர்க்கிறவர்களுக்கு அது அரிச்சுவடி. டாக்டருக்கும் தெரியும். ஆனால் ஆசை வந்தால் அறிவு கொஞ்சம் தள்ளி நின்றுகொள்ளும். முகம் தேயாமல் கிடைத்ததே என்று பூரித்தவர், அது ஏன் தேயவில்லை என்று கேட்டுக்கொள்ளவில்லை.

சாப்பாட்டு மேசைக்கு எதிரே, நடுச்சுவரை ஒட்டி, எல்லாரும் பார்க்கிற மாதிரி வைத்தார்.

அது எல்லாரையும் பார்க்கிற மாதிரி.

முதலில் மனைவிக்குத்தான் இருப்புக் கொள்ளாமல் போயிற்று. வீட்டில் நாள் முழுக்க இருக்கிறவள் அவள்தானே. உட்காருவாள், எழுந்திருப்பாள், நாற்காலியை இந்தப் பக்கம் போடுவாள், அந்தப் பக்கம் போடுவாள். காய் நறுக்க ஆரம்பித்து, பாதியில் பலகையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள். அலமாரியில் துடைக்கப் போனால் இன்னொன்று. ஒவ்வொரு காலையிலும் மற்ற சாமிகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருந்தன. தூசியில் பதிந்த வட்டம் ஒரு பக்கம், சிலை நிற்பது வேறு பக்கம். எல்லாமே சுவரைப் பார்த்து.

"நீயாம்மா திருப்பி வெச்சே?" என்று மனைவியைக் கேட்டார் டாக்டர்.

"எனக்கு வேற வேலையில்லையா? அதைத் தூக்கி உள்ள வைங்க. அது என்னையே பாக்குது."

"கண்ணே தரையைப் பாக்குதும்மா."

"நீங்க வீட்ல இருக்கும்போது."

மகள் ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, கதவைத் திறந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். "யார் வேணும்னு கேக்கப் போயிட்டேன்மா. உனக்கு உடம்பு சரியில்லையா? யாரோ மாதிரி இருக்கே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பாதிச் சிரிப்பு.

அந்த வாரத்து லீவு நாள் மத்தியானம். வெளியே மழை விடாமல் பெய்தது. டாக்டர் சிலையின் முதுகைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, தோளில் படிந்த மெழுகைச் சுரண்டினார். கழுத்துக்கு முன்பக்கம் எப்படியென்று பார்க்க, வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை எடுத்தார். சிலையைத் திருப்பாமல் அதன் முகத்துக்கு முன்னால் நீட்டினார்.

காசளவு கண்ணாடி. அதில் மோவாய் தெரிந்தது.

மோவாயில் ஒரு குழி.

அந்தக் குழியை அவருக்குத் தெரியும். பல்வலி என்று வந்து உட்கார்ந்த ஒரு பெண்ணின் மோவாயில் அதைப் பார்த்துத்தான், தப்பான பல்லைத் தட்டிவிட்டு, அப்புறம் அவளையே கட்டிக்கொண்டார். சிலை வந்த அன்று இந்த மரத்தில் குழி இருக்கவில்லை.

மெல்லத் தலையைத் திருப்பினார். மனைவி ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மோவாய் முட்டை ஓடு போல வழவழவென்று இருந்தது.

மறுபடி கண்ணாடியைப் பார்த்தார்.

தாழ்ந்திருந்த கண்கள் நிமிர்ந்திருந்தன.

கண்ணாடி கீழே விழுந்து சிதறியது. அந்த நொடியில்தான் கரி படிந்த முதுகு அவருக்குப் புரிந்தது. தலைமுறை தலைமுறையாக இதன் முதுகுக்கே விளக்கேற்றியிருக்கிறார்கள். முகத்துக்கு முன்னால் வெறும் பாறை மட்டும் இருக்கும்படி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சிலையைச் சுவரைப் பார்த்துத் திருப்பி, நெருக்கித் தள்ளி வைத்தார்.

என்ன ஆச்சரியம்! மறுநாளே வீட்டில் மூச்சு திரும்பியது. மனைவி ஒரே இடத்தில் உட்கார்ந்து காய் நறுக்கினாள். மோவாயில் குழி மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. "என்னங்க, முறைச்சு முறைச்சுப் பாக்குறீங்க? புதுசா பொண்ணு பாக்க வந்த மாதிரி" என்றாள். டாக்டர் சிரித்தார். இரண்டு மூன்று நாள் நல்ல சாப்பாடு, நல்ல தூக்கம்.

அப்புறம் ஒரு சாயங்காலம் மனைவி தட்டு எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள்: "நம்ம வாயாடி ரெண்டு நாளா வாயே திறக்கலையே, கவனிச்சீங்களா? பரீட்சைப் பயமோ என்னமோ. மேசையை விட்டு எழுந்திருக்கவே மாட்டேங்குறா."

டாக்டர் கையில் எடுத்த கவளம் கையிலேயே நின்றது.

மகளின் அறை அந்த நடுச்சுவருக்குப் பின்னால் இருந்தது. படிக்கிற மேசை அந்தச் சுவரோடு ஒட்டியிருந்தது. போட்டுக்கொடுத்தவர் அவரேதான்.

மலைக்கோயிலில் முன்னால் நின்றது பாறை. இங்கே ஒற்றைச் செங்கல் சுவர்.

கதவைத் தள்ளினார்கள். மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாற்காலி காலி. அறையின் எதிர்மூலையில், சுவரில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, அவர்களுக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள் மகள். கையில் இன்னும் பேனா.

"குட்டி..."

"அப்பா, என்னைத் திரும்பச் சொல்லாதீங்க." குரல் காற்றைப் போல வந்தது. "பாதி கொடுத்துட்டேன். திரும்பினா மீதியும் போயிடும்."

மனைவி ஓடிப்போய் மகளை அணைத்துக்கொண்டு, தன் புடவைத் தலைப்பால் அவள் முகத்தை மூடினாள். துணிக்கு அடியில் தன் விரல்களுக்கு என்ன தட்டுப்பட்டது, என்ன தட்டுப்படவில்லை என்று அவள் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை. "எடுத்துட்டுப் போங்க. இப்பவே" என்று மட்டும் சொன்னாள்.

டாக்டர் கூடத்துக்கு வந்தார். எந்தப் பக்கம் திருப்புவது? இடது பக்கம் அடுத்த வீட்டுக்காரர், வலது பக்கம் தெரு. படுக்க வைத்தால் மாடிக்கு மேலே குடியிருப்பவர்கள். கவிழ்த்து வைத்தால் கீழ்வீட்டில் பால்குடிக்கிற குழந்தை. முகத்துக்கு முன்னால் யாருமே இல்லாத திசை ஒன்று மனுஷர் வாழ்கிற இடத்தில் ஏது?

ஒரே ஒரு இடம்தான் தோன்றியது.

கண்ணை இறுக மூடிக்கொண்டு, சிலையைத் திருப்பி, அதன் முகத்தைத் தன் நெஞ்சோடு அழுத்தி அணைத்துக்கொண்டார். கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி. 'என் பிள்ளையைப் பாக்காதே. பாக்கறதுன்னா என்னைப் பாரு.'

மழையில் நடந்தார். முதலில் நெஞ்சில் மரத்தின் ஜில்லிப்பு. தெருமுனை தாண்டியபோது ஜில்லிப்பு போய்விட்டது. கடைத்தெருவுக்குள் நுழைந்தபோது, சட்டைக்கு மேல் இதமான சூடு.

விட்டு விட்டு வந்தது. மூச்சைப் போல.

பழம்பொருள் கடைக்காரர் அவரைப் பார்த்ததுமே சட்டென்று திரும்பி நின்றுகொண்டார். "அப்படியே சுவரைப் பாத்து வெச்சுடுங்க, டாக்டர் சார். அந்தப் பக்கம் தண்ணித் தொட்டிதான், ஆள் கிடையாது. நான் சொல்லியிருக்கணும். தப்புதான்."

டாக்டர் சிலையை இறக்கி வைத்தார். வைத்த வேகத்தில் அது ஒருக்களித்துச் சாய்ந்தது. கடைக்காரர் எச்சரிக்கையாக ஓரக்கண்ணால் பார்த்தார். அப்புறம் நேராகவே பார்த்தார். அப்புறம் விளக்கை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

நெற்றி இல்லை, மூக்கு இல்லை, கண் இல்லை. முகம் இருந்த இடத்தில் உளிபடாத வெறும் மரம்.

கடைக்காரர் இரண்டடி பின்வாங்கினார். அவர் பார்வை மரத்தை விட்டு டாக்டரின் நெஞ்சுக்கு வந்து நின்றது.

"டாக்டர் சார்," என்றார் கிசுகிசுப்பாக, "முகத்தை எங்கே விட்டீங்க?"

அதற்கப்புறம் மகள் தேறிவிட்டாள். பரீட்சை எழுதினாள், பழையபடி வாயாடினாள், பழையபடி அப்பாவைக் கேலி செய்தாள். டாக்டரும் தினம் ஆஸ்பத்திரி போய் வந்தார். வெயிலடித்தாலும் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார், அவ்வளவுதான். வேறு குறை சொல்ல முடியாது.

ஒன்றே ஒன்று. வெளியூரில் மேற்படிப்புக்குக் கிளம்பிய நாளில் மகள் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். பின்னாலிருந்து வந்து, முதுகில் கன்னத்தை வைத்து, தோள்பட்டைகளை மெல்லத் தடவிக்கொண்டு.

"முன்னாடி வாடா குட்டி, முகத்தைப் பாத்துட்டு அனுப்பறேன்" என்றார் அவர்.

"வேண்டாம்ப்பா." அவள் இன்னும் இறுக்கிக்கொண்டாள். "முன்னாடி இடமில்ல."

அவ்வளவுதான், கண்ணுகளா. கையை இனி விடலாம். விட மனசில்லையென்றால் பிடித்துக்கொண்டே போய்ப் படுங்கள். உங்கள் வீட்டில் பெற்றவரும் பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் நேருக்கு நேர், ஆசை தீரப் பார்த்துக்கொண்டு, நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.