ஒரு தட்டு, இரண்டு சுற்று

சுவரில் திரையாகக் கட்டியிருந்த வெள்ளை வேட்டியில் டோரீன் அக்கா அழுதுகொண்டிருந்தார். கோழி தானியம் கொத்துவதுபோல் அவர் தலை படபடவென்று ஆடியது.

"அக்கா, உங்களுக்குக் குளிர் ஜுரமா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு மௌரீன். அறையே சிரித்தது.

யூனிஸ் சிரிக்கவில்லை. அவள் ஆம்ப்ரோஸ் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் பேட்டையான மர்பி டவுன்காரர்களை நடிக்க வைத்து அவர் எடுத்துவரும் ஊமைப்படம் இது. டோரீன் அக்காதான் அம்மா. யூனிஸ்தான் மகள். அம்மா ஊரைவிட்டுப் போகும் கடைசிக் காட்சியில்தான் இந்தச் சிரிப்பு.

"காமிரா பழசு. அதான் இப்படி," என்றார் சித்தப்பா. "மிச்சம் ஒரே ஒரு படச்சுருள்தான் இருக்கு. அதையும் கெடுக்க வேணாம். படத்தையே கைவிட்டுடலாம்."

காமிரா மேல் தப்பில்லை என்று யூனிஸுக்குத் தெரியும்.

அந்தக் காட்சியில் அவள் அக்காவின் தோளில் முகம் புதைத்திருந்தாள். எதுவும் தெரியவில்லை, ஆனால் காது நன்றாகக் கேட்டது. காமிராவின் கைப்பிடியைச் சித்தப்பா நொடிக்கு இரண்டு முறை சுற்ற வேண்டும். சீராக ஓடிய 'கிர்ர்' சத்தம், அக்கா விசும்பியதும் தளர்ந்துபோனது. கை மெதுவானால் சுருளில் படங்கள் குறைவாகப் பதியும்; ஓட்டிக் காட்டும்போது திரையில் எல்லோரும் பறப்பார்கள்.

சொன்னால் சித்தப்பா மனசு நொந்துபோவாரோ? சொல்லாவிட்டால் படமே போய்விடுமே! இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சொல்லிவிட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க சித்தப்பா. அக்கா அழுதப்போ உங்க கை மெதுவாயிடுச்சு."

சித்தப்பா காமிராவின் கைப்பிடியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"ஆமா கண்ணு. படம் எடுக்கிறவன்ங்கிறதையே மறந்துட்டு வேடிக்கை பார்த்துட்டேன். எனக்கே அழுகை வந்துடுச்சு. அது தெரிஞ்சும் காமிரா மேல பழி போட்டேன்."

"யாராவது ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணினா?"

"எண்ணினா எனக்குச் சிரிப்புதான் வரும்," என்றார் அங்கே வந்திருந்த டோரீன் அக்கா.

யூனிஸ் யோசித்தாள். "அப்போ நான் அக்கா முதுகைத் தட்டறேன், சமாதானம் பண்ற மாதிரி. ஒரு தட்டுக்கு ரெண்டு சுற்று. நீங்க அக்கா முகத்தைப் பார்க்காதீங்க, என் கையை மட்டும் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை அல்சூர் ஏரிக்கரையில் கடைசிச் சுருள் ஓடத் தொடங்கியது. அக்கா அவளை அணைத்துக்கொண்டு நிஜமாகவே அழுதார். யூனிஸின் நெஞ்சு தடதடவென்று அடித்தது. கையும் அதோடு ஓடப் பார்த்தது.

'நெஞ்சே, நீ எப்படியும் ஓடு. கையே, நீ நட' என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். தட்டு... தட்டு... தட்டு. பின்னால் 'கிர்ர்' சத்தம் ஒரே சீராகக் கேட்டது. சுருள் தீரும்வரை அவள் மூச்சுவிடவே பயந்தாள்.

அடுத்த மாதம், ஜன்னல்களில் கம்பளி போர்த்தி இருட்டாக்கிய அறையில், கூடார சினிமாக் கொட்டகைக்கார நாணு அந்தச் சுருளை ஓட்டிக் காட்டினார். வேட்டியில் அம்மா மெதுவாக அழுதாள். ஒரு சின்னக் கை அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. மௌரீன்கூட.

இருட்டில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. யூனிஸ் திரும்பிப் பார்த்தாள். ஆம்ப்ரோஸ் சித்தப்பா! சுற்றுவதற்குக் கையில் ஒன்றுமில்லாததால், இந்தமுறை அவர் ஆசைதீர அழுதுகொண்டிருந்தார்.