அளவு மீறிய கோப்பு

இணையத்திலிருந்து இறக்கிய கோப்பு அளவு குறைந்து வந்திருந்தால் அவள் பயந்திருக்க மாட்டாள். இணைப்பு அறுந்தால் கோப்பும் பாதியில் நிற்கும். பழைய வீட்டுக் கணினிகளைப் பழுதுபார்த்துப் பிழைக்கும் அவளுக்கு அது பழகிய தொல்லை. ஆனால் இது கூடி வந்திருந்தது. தளத்தில் போட்டிருந்த அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக.

அது அவள் கணவனின் கேசட்டுடைய நகல். மகள் குட்டி வயிற்றில் இருந்தபோது, தன் பழைய கணினிக்காக எழுதிய விளையாட்டை அவன் கேசட்டில் ஏற்றி, கடைசியில் பிறக்கப்போகும் பிள்ளையோடு பேசியும் வைத்திருந்தான். பிள்ளை முகத்தைப் பார்க்க அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. கேசட்டும் பூஞ்சை பிடித்துப் போயிற்று. அவன் நண்பர், பழைய கேசட்டுகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர், எப்போதோ எடுத்த நகல் ஒன்றை ஓர் இணையதளத்தில் போட்டுவைத்திருப்பதாக இன்றுதான் சொன்னார். அந்தத் தளமும் இன்று மாலையோடு மூடப்படுகிறது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

“அண்ணே, அளவு கூடுதலா வருதுண்ணே” என்றாள் போனில்.

“திறந்து கிறந்து பாத்துடாதம்மா. ஒத்து வரலைன்னா அப்பவே அழிச்சிடு. கெட்டது நல்லதோட கலந்துட்டா அப்புறம் எது எதுன்னு தெரியாம முழிக்கணும். திரும்ப இறக்கிப் பாரு.”

“அழிச்சுட்டு, அடுத்ததும் வரலைன்னா?”

“வரும்மா” என்றார். அவர் குரலிலேயே நம்பிக்கை இல்லை.

அழித்தாள். குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள். அடுத்தது இன்னும் பெரிதாக வந்தது. அதையும் அழித்தாள். ஈயப்பற்று வாசனையும் சூடேறிய தூசி வாசனையும் அடைந்து கிடந்த அந்தப் பட்டறை அறையில், எத்தனையோ நாளாகக் கடகடவென்று அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்த மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றுவதை அப்போதுதான் கவனித்தாள். சனியன், தானே சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

“அம்மா, அப்பா பேசிட்டாரா?” அடுத்த அறையிலிருந்து குட்டி கேட்டாள். காலையிலிருந்து இதே கேள்வி.

“இதோ கண்ணு. இப்ப பேசிடுவாரு.”

மீண்டும் இறக்கினாள். மீண்டும் கூடுதல். ஒரே ஒரு தடவை அந்தக் குரலை மகள் கேட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று யாரையோ கெஞ்சியபடி அழித்தாள். நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. தகரக் கூரையில் தெறித்துத் தெறித்து விழுந்தது.

சத்தம் இல்லை.

எழுந்து ஜன்னலைத் திறந்தாள். சாரல் முகத்தில் அடித்தது. சில்லென்று இருந்தது. ஆனால் சத்தம் இல்லை.

விசிறி. மழை. அவள் அழித்த கோப்புகள்.

திரும்பிப் பார்த்தாள். திரையில் இன்னொரு கோப்பு இறங்கி முடிந்திருந்தது. அவள் எதையும் தொடவில்லை. இதுவும் பெரிதுதான். முன்பு வந்த எல்லாவற்றையும்விட.

அழிக்கக் கை போனது. விரல் நின்றது. இதற்குள் எந்தச் சத்தம் இருக்கிறது?

ஓடவிட்டாள்.

முதலில் விளையாட்டின் கீச்சொலி. பிறகு ஓர் இருமல். அவனுடைய இருமல்தான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“கண்ணு, அப்பா பேசறேன். கேக்குதா?”

“கேக்குதுப்பா!”

குட்டியின் குரல். ஒலிபெருக்கிக்குள்ளிருந்து.

வாசலில் குட்டி நின்றாள். வாய் அகலத் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கன்னமெல்லாம் கண்ணீர். அம்மா, அம்மா என்று உதடு அடித்துக்கொண்டது.

எதுவும் கேட்கவில்லை.

“இங்க நல்லாருக்குப்பா” என்று உள்ளே சிரித்தது குட்டியின் குரல். “அம்மா வரலையா?”

“வருவா. இப்ப வாயைத் திறப்பா பாரு” என்றது அவன் குரல்.

நிறுத்தும் பொத்தானில் விரலை வைத்தாள். நிறுத்தினால் மகளின் குரல் என்ன ஆகும்? ஓடிப்போய்ப் பிள்ளையை வாரி அணைத்தாள். வாயைத் திறக்கக் கூடாது. திறக்கவே கூடாது. பல்லைக் கடித்தாள். நெஞ்சுக்குள்ளிருந்து முட்டிக்கொண்டு வந்தது.

“குட்டீ!”

அந்த அலறல் ஒலிபெருக்கியில் கேட்டது.

அறையில் தாயும் மகளும் ஒருவரையொருவர் இறுகப் பிடித்துக்கொண்டு, திறந்த வாய் மூடாமல் கதறிக்கொண்டிருந்தார்கள்.