ஒன்று இருபத்திரண்டுக்கு ஒரு சம்மதம்

சனிக்கிழமை காலை 9.10.

கூடுவாஞ்சேரி டயாலிசிஸ் மையத்திலிருந்து வந்த போனை எடுத்த அச்சுதன், பேசி முடிப்பதற்குள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார்.

"முப்பத்தோரு பேஷண்டுக்கு 'இன்று உங்கள் முறை ரத்து'ன்னு எஸ்.எம்.எஸ். போயிருக்கு. நாங்க எதையுமே ரத்து பண்ணலை. பெருங்களத்தூர்ல பஸ்ஸுக்கு நின்ன ஒரு பெரியவர் அதைப் படிச்சுட்டு வீட்டுக்கே திரும்பிட்டாரு. இன்னா சார் சாஃப்ட்வேர் செஞ்சு குடுத்தீங்க?"

அந்த சாஃப்ட்வேரைச் செய்தது மேற்குத் தாம்பரத்தில், ஒரு ஸ்வீட் ஸ்டாலுக்கு மேல் மாடியில் இயங்கும் ஒன்பது பேர் கம்பெனி. அச்சுதன் அதன் மேனேஜர். முதல் வேலையாகப் பழைய நிரலைத் திரும்பப் போட்டார். இரண்டாவதாக எல்லோரையும் ஆபீசுக்கு வரச் சொன்னார். மையத்துக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு நோயாளியாகக் கூப்பிட்டு, பெருங்களத்தூர்ப் பெரியவருக்கு ஆட்டோ அனுப்பி, பத்தரை மணிக்குள் எல்லோரையும் வரவழைத்துவிட்டார்கள். உயிர் தப்பியது. இனி யார் தலை உருளப்போகிறது என்பதுதான் கேள்வி.

10.40.

அந்தக் கம்பெனியில் ஒருவர் எழுதும் நிரலை இன்னொருவர் வரி வரியாகப் படித்து, 'அப்ரூவ்' பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால்தான் அது வெளியே போகும். கோளாறான நிரலை எழுதியவன் பிரணவ். படித்துப் பார்க்க வேண்டியவன் அசார். பதிவேடு தெளிவாகச் சொன்னது: வெள்ளிக்கிழமை மதியம் 1.22. அப்ரூவ் செய்தவர், அசார்.

அதோடு விட்டதா? அதே நொடியில் அசார் பெயரில் ஒரு குறிப்பும் பதிவாகியிருந்தது: "தேதி காலியாக இருந்தால் இது ரத்து மெசேஜ் அனுப்பிவிடும். மாற்ற வேண்டும்."

"தப்பைக் கண்டுபிடிச்சுட்டு அப்ரூவும் குடுத்திருக்கே! இதுக்கு நீ படிக்காமலே குடுத்திருக்கலாம்" என்றார் அச்சுதன்.

"நான் குடுக்கலை சார்! குறிப்பு எழுதினது நான்தான். ஆனா அனுப்பலை. மீதியை திங்கக்கிழமை பார்த்துக்கலாம்னு ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பிட்டேன். அப்படியே அரை நாள் லீவு, கூடுவாஞ்சேரில அக்கா வீட்டு விசேஷம். நீங்கதானே சார் பெர்மிஷன் குடுத்தீங்க? யார் சார் இப்படிப் பண்ணது?"

அசாருக்கு இருபத்து நான்கு வயது. திங்கட்கிழமையோடு தற்காலிகப் பணிக்காலம் முடிகிறது. வேலை உறுதியானதும், திருமுடிவாக்கத்தில் முப்பது வருடமாக லேத் ஓட்டும் அவன் அப்பா பாட்சா ஓய்வெடுப்பதாக ஏற்பாடு. அச்சுதனின் திரையிலோ, 'வேலைநீக்கம்' என்று தலைப்பிட்ட மின்னஞ்சல் பாதி எழுதியபடி நின்றது.

மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அனுப்பாத குறிப்பு எங்கப்பா இருக்கும்?"

ரத்தினபாய். டெஸ்டர். அடுத்தவர்கள் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குபவர். வீட்டிலும் அதே குணம்தான் என்று அவர் கணவர் சொல்வதாகக் கேள்வி.

"என் மெஷின்லதான்கா. நான் கோட் எழுதுற எடிட்டர்லயே ரிவ்யூவும் பண்ணுவேன். அனுப்பாதது அங்கயே தங்கிடும். எடிட்டர்ல அப்ரூவ் அழுத்துனா கூடவே கிளம்பிப் போயிடும்."

"சிஸ்டத்தை லாக் பண்ணிட்டுப் போனியா?"

அசார் தலையைக் குனிந்தான். "அவசரத்துல மறந்துட்டேன்."

அப்போதுதான் பக்கத்து இருக்கைக்காரி கிறிஸ்டி மூச்சு வாங்க உள்ளே வந்தாள். மூக்கில் நழுவிய கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"புதுசா?" என்றார் ரத்தினபாய்.

"ஆமாக்கா. பழசு வியாழக்கிழமை ட்ரெயின் கூட்டத்துல நசுங்கிப் போச்சு. இப்பதான் கடையில வாங்கிட்டு வரேன், அதான் லேட்டு."

10.55.

அசார் தன் கணினியை எழுப்பினான். எடிட்டர் திறந்தே இருந்தது. எழுத்துகள் கடைப் பலகை எழுத்து போலப் பெரிதாகத் தெரிந்தன. அவன் விரல்கள் தாமாகவே விசைப்பலகைக்குப் போய், நான்கு தட்டில் அவற்றைப் பழைய அளவுக்குச் சுருக்கின. பிறகு நாற்காலியைத் திருப்பினான்.

"சார்" என்றான். குரல் மாறியிருந்தது. "இப்பதான் ஞாபகம் வருது. நான்தான் குடுத்தேன். பள்ளிவாசல் வாசல்ல நின்னு போன்ல அப்ரூவ் பண்ணேன். சாரி சார்."

அச்சுதன் மின்னஞ்சலை முடிக்கத் தன் அறைக்குத் திரும்பினார்.

11.15.

ரத்தினபாய் மேனேஜர் அறைக் கதவைத் தட்டினார். பின்னால் அசாரும் கிறிஸ்டியும்.

"சார், இவன் பொய் சொல்றான்."

"அதான் ஒத்துக்கிட்டானே!"

"ஒத்துக்கிட்டதுதான் பொய். அனுப்பாத குறிப்பு இவன் மெஷின்ல மட்டும்தான் இருந்துச்சு. போன்ல அப்ரூவ் பண்ணியிருந்தா அது எப்படிக் கூடப் போகும்? ரெண்டும் ஒரே நொடியில போயிருக்கு. அப்ப பொத்தானை அழுத்துனது இந்த மேஜையில உக்காந்துதான். அந்நேரம் இவன் தொழுகையில இருந்தான்."

அச்சுதன் நிமிர்ந்தார். "பின்ன எதுக்கு ஒத்துக்கணும்?"

"பத்தே முக்காலுக்கு 'யார் பண்ணது'ன்னு கத்துனவன், திரையைப் பார்த்த அப்புறம் அந்தக் கேள்வியையே கேக்கலை. எழுத்து அவ்ளோ பெருசா இருந்துச்சு. 'யார் இப்படி வெச்சது'ன்னாவது கேட்டிருக்கணும். கேக்காம சுருக்கிட்டான். யாருக்கு அந்த அளவு தேவைப்பட்டிருக்கும்னு அவனுக்குப் புரிஞ்சிடுச்சு." ரத்தினபாய் குரலைத் தணித்துக்கொண்டார். "நேத்து பூரா கண்ணாடி இல்லாம இருந்தது யாரு, கிறிஸ்டி?"

கிறிஸ்டி அழ ஆரம்பித்தாள்.

"அக்கா, விடுங்களேன்" என்றான் அசார்.

"நீ சும்மா இரு அசார். நான்தான் சார். போன வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாடியும் கேட்டீங்களே, 'வாராவாரம் இவன் ஒருத்தனுக்காகக் கம்பெனியே காத்துக் கெடக்கணுமா'ன்னு. நேத்தும் பிரணவ் வந்து அப்ரூவ் வரலைன்னு நின்னான். இவன் பேர் மறுபடி அடிபட வேணாம்னு நெனச்சேன். திங்கக்கிழமை கன்ஃபர்மேஷன்னு இருக்கிறப்ப... எழுத்தைப் பெருசு பண்ணி, பொத்தானைக் கண்டுபிடிச்சு அழுத்திட்டேன். அவன் குறிப்பை நான் பார்க்கவே இல்லை சார். கோடையும் படிக்கலை."

அச்சுதன் நல்ல மனிதர்தான். போன வெள்ளிக்கிழமை அவருக்குப் பசி, வாடிக்கையாளரிடம் திட்டு, வாய்க்கு வந்ததைச் சொன்னார். சொன்னதை அன்று சாயங்காலமே மறந்தும் போனார். இந்த இரண்டு பிள்ளைகளும் அதை ஒரு வாரமாகச் சுமந்திருக்கிறார்கள் என்பது இப்போதுதான் உறைத்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

திரையில் இருந்த மின்னஞ்சலை அழித்தார். கிறிஸ்டிக்கு ஒரு மாதம் அப்ரூவ் உரிமை கிடையாது என்றார். மையத்துக்கு அவளும் தன்னோடு வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். இனி வெள்ளிக்கிழமைகளில் மூன்று மணிக்கு முன்னால் எதுவும் வெளியே போகாது என்றார். கடைசியாக அசாரைப் பார்த்தார்.

"அன்னிக்கு நான் பேசினது தப்புப்பா. திங்கக்கிழமை லெட்டர் வாங்கிக்கோ. அப்பாகிட்ட இன்னிக்கே சொல்லிடு."

12.20.

பிரணவ் திருத்திய நிரல் மறுபடி படிக்க வந்தது. அசார் எடிட்டரைத் திறந்தான். நான்கு தட்டுத் தட்டினான். எழுத்துகள் மறுபடி பெரிதாயின. பக்கத்து நாற்காலியைத் தன் மேஜைக்கு இழுத்தான்.

"இப்பதான் கண்ணாடி இருக்கேடா" என்றாள் கிறிஸ்டி, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"இருக்கட்டும். முதல் வரியிலேர்ந்து படி. நீ படிச்சு முடிச்ச அப்புறம்தான் நான் அழுத்துவேன்."