விளக்குத் தொட்டியின் கசண்டு

மண்ணெண்ணெய் வாடையே வரவில்லை. அனுசியாவுக்கு முதலில் தப்பாகப் பட்டது அதுதான். எத்தனை வருஷம் கிடப்பில் கிடந்த, பம்ப் அடித்து எரிக்கும் கேஸ் விளக்கானாலும், அடித்தொட்டியின் மூடியைத் திருகியதும் பழைய மண்ணெண்ணெய் சுருக்கென்று மூக்கில் ஏறும். சிம்பாங் அம்பாட் டவுனில் ஒரு ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டே, லீவு நாட்களில் இதுவரை பதினோரு விளக்குகளைத் துலக்கி எரியவைத்தவளுக்கு அந்த வாடை அத்துப்படி. இதிலிருந்து வந்தது வேறு. சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் சாக்கடை மூடியைத் தூக்கும்போது வருமே, உறைந்த கொழுப்பும் ஊறிப்போன சோறும் கலந்த ஒரு இனிப்பு நாற்றம், அது.

விளக்கைக் கொண்டுவந்து கொடுத்தவன் பழைய இரும்பு எடுக்கும் நல்லமுத்து. நியாலாஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் தொழிலாளர்களின் லயத்து வீடுகளை இடித்தபோது, தூர்ந்த கிணற்றுக்குள் கிடைத்ததாம்.

"மூடியச் சுத்தித் துணி கட்டி, மேல மெழுகு ஊத்தி அடைச்சிருக்காங்க அக்கா. நான் திறக்கல லா. நீங்களே வச்சுக்குங்க," என்று லாரியை விட்டு இறங்காமலேயே நீட்டிவிட்டுப் போனான்.

மெழுகைக் கத்தியால் சுரண்டி எடுத்தது அனுசியாதான்.

புலாவ் செபாங்கில் இருந்த தன் வீட்டின் பின்பக்கக் குசினியில், சனிக்கிழமை மத்தியானம், தொட்டியை வாளிக்குள் கவிழ்த்தாள். எண்ணெய் ஊற்றவில்லை. கொழகொழவென்று ஏதோ ஒன்று வழுக்கி, நின்று, மறுபடி வழுக்கி, தொப்பென்று விழுந்தது. திரிந்த பாலின் நிறம், ஓரமெல்லாம் கறுப்பு. வினிகரும் சவர்க்காரத் தூளும் ஒரு கைப்பிடி சின்ன நட்டுகளும் போட்டுக் குலுக்கிக் கழுவினாள். இரண்டாவது கழுவலில் மூடி வாயில் நார் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டு நின்றது. விரலில் சுற்றி இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது, முழங்கை நீளத்துக்கு. நுனியில் அரை விரல் அகலத்துக்கு ஒரு துண்டு தோல். வெள்ளையாக, முடி முளைத்த குழிகளோடு, இன்னும் ஈரமாக.

சாக்கடை ஓரம் குனிந்து மத்தியானச் சோறு முழுவதையும் வாந்தி எடுத்தாள்.

எலியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கட்டைவிரல் நுழையாத வாய் வழியாக எலி எப்படிப் போகும் என்று யோசிக்கப் பிடிக்கவில்லை. மேலே பித்தளை அவ்வளவு அழகாக மின்னத் தொடங்கியிருந்தது, தூக்கிப் போட மனசு வரவில்லை. நான்கு முறை கழுவி, தண்ணீர் தெளிவாக வந்த பிறகு, மேசையில் பேப்பர் விரித்துத் தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். மூன்று தடவை சோப்புப் போட்டும் விரல் இடுக்கில் பிசுபிசுப்பு போகவில்லை. முகர்ந்து பார்த்தாள். அதே இனிப்பு.

திரும்பி வந்தபோது பேப்பர் ஊறி, மேசை ஊறி, கால்வழியே தரையில் கொழுப்பு ஒழுகியிருந்தது. அந்தத் தொட்டி கொள்ளும் அளவை விட அதிகம்.

நடுவில் அவள் கணவன் தேவன் நின்றுகொண்டிருந்தான். லாரி ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்திருக்கிறான். வெறுங்காலில், அதன் மேலேயே.

"ஏங்க, தள்ளி நில்லுங்க! நாத்தம் தெரியலையா?"

"எனக்கு எங்க தெரியப்போகுது?" என்று சிரித்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த காய்ச்சலில் அவனுக்கு மோப்பம் போனது, திரும்பவில்லை. "இந்தக் குழாய்தான் அடைச்சிருக்கு, பாரு."

விளக்கில் எண்ணெய் ஆவியாகி மேலே ஏறும் பித்தளைக் குழாய் அவன் கையில் இருந்தது. அவள் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் வாயில் வைத்து ஊதினான். கன்னம் புடைத்தது, முகம் சிவந்தது. ஊத முடியாமல் மூச்சை இழுத்த நொடியில் குழாய்க்குள் மெல்ல ஒரு சத்தம். ப்ளக். அவன் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"துப்புங்க!"

"முழுங்கிட்டேன் லா." உதட்டை நாக்கால் துடைத்தான். "இனிப்பா இருக்கு அனு."

குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள், வேண்டாம் என்றான். டாக்டரிடம் போகலாம் என்றாள், காதிலேயே வாங்கவில்லை. அவளுடைய விளக்குகளை ஒருநாளும் ஏறெடுத்துப் பார்க்காதவன், கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, இதைத் தானே மாட்டினான். பற்றியதும் வெள்ளையாக ஒளிரும் வலைத்துணி மேண்டிலைக் கட்டினான். மண்ணெண்ணெய் ஊற்றினான். அவன் விரல்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"வேணாங்க. தூக்கிக் குப்பையில போட்டுடலாம்."

வெளியே மழை கட்டி வானம் இருண்டது. அவன் பம்ப்பை அடித்துக்கொண்டே இருந்தான். திக். திக். திக். தீக்குச்சி உரசினான்.

வெளிச்சம் வெள்ளையாக வரவில்லை. மஞ்சளாக, கொழுப்பு தெறிக்கும் படபடப்போடு வந்தது. முடி பொசுங்கும் நாற்றம் கூடம் முழுக்க நிறைந்தது. விளக்குக் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய் வியர்த்து வழிந்தது. தேவன் முகமும் வழிந்தது. சட்டைக் காலர் நனைந்து மினுங்கியது. அவன் துடைக்கவில்லை. கண் சிமிட்டவும் இல்லை.

போதும்.

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்க் காற்றுத் திருகைத் திறந்தாள். காற்று போனால் விளக்கு அணையும். அணையத்தான் வேண்டும்.

ஸ்ஸ்ஸ்ஸ்.

வெளிச்சம் இறங்கியது. அப்பாடா என்று திரும்பினாள்.

தேவனின் கன்னங்கள் உள்ளே போயிருந்தன. நெஞ்சு தட்டையாகிக்கொண்டிருந்தது. கழுத்து மடிந்தது. சட்டைக்குள் ஆள் குறைந்துகொண்டே போனான்.

"ஏங்க!"

திருகை இறுக்கினாள். கை வழுக்கியது. மறுபடி இறுக்கினாள். சத்தம் நின்றது. விளக்கில் ஒரு பொட்டு வெளிச்சம்தான் மிச்சம். நாற்காலியில் அவன் மடித்துப் போட்ட துணி மாதிரி கிடந்தான்.

என்ன செய்கிறோம் என்று தெரிந்தேதான் பம்ப்பைப் பிடித்தாள்.

ஒன்று. அவன் நெஞ்சு ஒரு விரல் அளவு எழுந்தது.

இரண்டு. மூன்று. பம்ப் ஓரமாகக் கொழுப்பு பிதுங்கி அவள் விரல்களில் வழிந்தது. வெதுவெதுப்பாக. விடவில்லை. ஏழு. எட்டு. கழுத்து நிமிர்ந்தது. கன்னம் நிறைந்தது.

"இன்னும் ரெண்டு அடி, அனு."

அவன் குரல்தான். உதடு அசையவில்லை.

அழுதுகொண்டே அடித்தாள்.

வாய் தானாகத் திறந்தது. நாக்குக்குப் பின்னால், தொண்டைக்குழியில், விளக்கின் மேண்டில் மாதிரியே வெள்ளையாக ஒரு சின்ன வலைப் பை தொங்கியது. அவள் அடிக்க அடிக்க அது உப்பியது. பிறகு பற்றிக்கொண்டது. கூடத்தின் நாலு சுவரிலும் அவன் பற்களின் நிழல் விழுந்தது.