மாப்பிள்ளையைத் தூக்கிய ஒத்திகை

எட்டாவது படத்திலும் ஃபிதென்சியோ கண்ணை மூடியிருந்தான்.

முதல் இரண்டுக்கு நெரெய்தா சிரித்தாள். பிளாஷ் அடித்தால் இமை கொட்டத்தான் செய்யும். அதிலும் தம்பி பள்ளிக்கூடப் போட்டோவில்கூட ஒழுங்காக நின்றவன் இல்லை. மூன்றாவதிலிருந்து பிளாஷை அணைத்துவிட்டாள். மெக்சிகோவின் வெராக்ரூஸ் நகரத்துச் சாயங்கால வெயில் ஜன்னல் வழியே வந்தது, அவ்வளவுதான். எதிரே நாற்காலியில் அவன் இரண்டு கண்ணையும் அகலத் திறந்து லென்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். கேமராத் திரையில் மட்டும் மூடியிருந்தான்.

நாளை அவனுக்குக் கல்யாணம். அவள் எடுக்கப்போகும் முதல் கல்யாணமும் அதுதான். ஊரில் கைதேர்ந்தவர்கள் இருக்க, அக்காதான் எடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் அவன். அந்த நம்பிக்கையில் மண் விழுந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் ஒரு வாரமாக அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மோதிரத்தையும் முத்தத்தையும் தவறவிட்டால் இன்னொரு முறை கேட்டுக்கொள்ளலாம். மாப்பிள்ளையைப் பிணமாகத் தூக்கும் அந்த ஊர் வேடிக்கையை மறுபடி கேட்க முடியாது. தேவாலயத்தில் தாலிபோல இருவர் தோளையும் சேர்த்துப் போடும் கயிறு விழுந்து, விருந்தும் களைகட்டியபின், தோழர்கள் ஆறு பேர் அவன் ஷூவைக் கழற்றி எறிந்து, மல்லாக்கத் தோளில் தூக்கி, சாவு வாத்தியத்தோடு மண்டபத்தைச் சுற்றுவார்கள். பிரம்மச்சாரி செத்தான் என்று கூட்டம் ஊளையிடும். ஒரு நிமிஷக் கூத்து. அதைக் கோட்டைவிடக் கூடாதென்று, அந்த ஊரில் யாரும் செய்யாததை இன்று மத்தியானம் அவள் செய்யச் சொன்னாள். ஒத்திகை.

கல்யாணப் பெண் அம்பாரோவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நாளைக்குன்னா சாகுறதுக்குப் பிரம்மச்சாரி ஒருத்தன், எந்திரிச்சு வர்றதுக்குப் புருஷன் ஒருத்தன் இருப்பான் அக்கா. இன்னிக்கு இவர் ஒருத்தர்தானே இருக்காரு?"

எல்லோரும் சிரித்தார்கள். நெரெய்தாதான் அதிகம் சிரித்தாள். ஆறு பேரும் தூக்கினார்கள், வாயாலேயே சாவு மெட்டை முனகினார்கள், இந்த நாற்காலியில் இறக்கிவிட்டு அம்பாரோவையும் கூட்டிக்கொண்டு விருந்துக்கான மேசைகளை வண்டியில் ஏற்றிவரப் போய்விட்டார்கள்.

ஷூ இன்னும் மண்டபத்தின் நடுவில் கிடந்தது.

"மாட்டிக்கடா, தரை சில்லுன்னு இருக்கு."

"தரையா?" ஃபிதென்சியோ குனிந்து பார்த்தான். "காலுக்கு ஒண்ணும் தட்டலையேக்கா."

விளையாடுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். நினைக்க விரும்பினாள். ஒன்பதாவது படம் எடுத்தாள். கண் மூடியிருந்தது. முழங்காலில் கிடந்த கைகள் படத்தில் மார்பின்மேல் கோத்திருந்தன. எங்கிருந்தோ சாமந்தி வாசம் வந்தது. நவம்பரில் கல்லறைக்கு அள்ளிக்கொண்டு போகும் சாமந்தி. இது மே மாதம். மண்டபத்தில் வெள்ளை லில்லியைத் தவிர ஒரு பூ இல்லை.

 ஒரு படம். கண் திறந்த ஒரே ஒரு படம் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஏனோ அவளுக்குத் தோன்றியது, தோன்றியதே பிடிவாதமாயிற்று. நெருங்கிப் போய் எடுத்தாள். பக்கவாட்டில் எடுத்தாள். ஒவ்வொரு சொடுக்குக்கும் படத்தில் அவன் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துகொண்டே போனது.

"போதும்க்கா." குரல் தணிந்திருந்தது. "ஆடுற மாதிரி இருக்கு. இறக்கிவிடச் சொல்லு."

"யார்கிட்டடா?"

 காலியான மண்டபத்தில் யாரோ மூக்கால் முனகினார்கள். மத்தியானத்து மெட்டு. ஒரு குரல் இல்லை. ஆறு.

சொடுக்கினாள். மூடிய கண்.

மறுபடி. மூடிய கண்.

மறுபடி.

திறந்திருந்தது.

படத்தில் அவன் நாற்காலியில் நேராக உட்கார்ந்து, அதன் கைப்பிடிகளை இறுகப் பற்றியிருந்தான். கண் அகலத் திறந்திருந்தது. வாயும் திறந்திருந்தது, அக்கா என்று கூப்பிடும் வாய். நெரெய்தாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கிடைத்துவிட்டான். அவனிடம் காட்டத் திரையைத் திருப்பிக்கொண்டே நிமிர்ந்தாள்.

நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு அப்பால், தோள் உயரத்தில், கண் மூடி, கை கோத்து, மல்லாக்க, காலுறைக் கால்கள் முன்னே நீள, கண்ணுக்குத் தெரியாத ஆறு பேர் நடைக்கு ஆடி ஆடி அவன் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தான்.