சுடாத பொம்மை

அன்புமொழியின் குதிகாலில் ஒரு வெடிப்பு இருந்தது. பித்தவெடிப்பு என்பது ஊரில் பாதிக் கால்களில் இருப்பதுதான்; அதற்குக் களிம்பு விற்றே பங்களா கட்டியவர்கள் உண்டு. ஆனால் இந்த வெடிப்பு முந்தின நாள் இல்லை. அதோடு, வற்றிய கண்மாயின் தரை பிளப்பதுபோல் கிளைவிட்டுப் பிளந்திருந்தது. ரத்தம் கிடையாது.

"இங்கிட்டுப் பாருங்க." கட்டிலில் உட்கார்ந்தபடியே காலைத் தூக்கி ஜெரால்டின் மடியில் வைத்தாள். "கட்டிக்கிட்டு வந்து ஒரு வருசத்துல என்னைக் கெழவியாக்கிட்டீங்க."

"வலிக்குதா?"

"வலிச்சாக்கூடப் பரவாயில்லையே. ஒண்ணுமே தெரியல."

ஜெரால்டு களிம்பைப் பிதுக்கித் தேய்த்தான். அது தோலில் நிற்கவில்லை. புதுப் பானையில் ஊற்றிய முதல் தண்ணீர் மாதிரி உள்ளே போய்விட்டது. விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது செம்பழுப்பான ஒரு தூள். அவன் அதை முகர்ந்து பார்த்தான். முகராமல் இருந்திருக்கலாம். அவன் பிழைப்பே அந்த வாசனையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பொன்னமராவதிக்கு வெளியே நடந்த ஒரு அகழாய்வில் அவன் ஒப்பந்தப் பணியாளன். எம்.ஏ. படித்துவிட்டுப் பானை ஓடு கழுவும் வேலை. டப் நிறையத் தண்ணீர், கையில் பல் தேய்க்கும் பிரஷ். மூவாயிரம் வருட அழுக்கை எடுக்க மனித அறிவு இதுவரை எட்டியிருப்பது அவ்வளவுதான். போன வாரம் குழியிலிருந்து ஒரு பெண் வந்தாள். சாண் உயரம், பருத்த மார்பு, அகன்ற இடுப்பு, ஒட்டிய கால்கள், கிள்ளிவிட்ட மூக்கு, நகத்தால் கீறிய வாய். செய்தவனுக்கு அலுப்பு வந்திருக்க வேண்டும், கைகளைத் தோளோடு நிறுத்திவிட்டான். இயக்குநர் குணசேகரன் அன்று மாலைக்குள்ளேயே பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்லி, 'ஆதித்தாய்' என்று ஃப்ளெக்ஸும் அடிக்கக் கொடுத்துவிட்டார்.

ஜெரால்டு அதன் முன்பக்கத்தை செல்போனில் படம் எடுத்துவிட்டு, மற்ற ஓடுகளைப் போடுவதுபோல அதையும் டப்பில் போட்டான். அந்த நேரம் பார்த்து அன்புமொழி கூப்பிட்டாள். கட்டுமாவடி மீன் வண்டி வந்திருக்கிறது, நண்டு வாங்கவா இறால் வாங்கவா? விவாதம் நீண்டது. நண்டு என்று முடிவாகித் திரும்பி வந்தபோது டப்பில் காப்பி நிறத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது. அவளைச் செய்தவர்கள் சுட மறந்திருந்தார்கள்.

வேறொருவன் என்றால் அழுதிருப்பான். ஜெரால்டு தண்ணீரைத் தெளியவிட்டு, அடியில் தங்கிய சேற்றை டிபன் பாக்ஸில் வழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, நண்டுக் குழம்பும் முடிந்த மத்தியானத்தில் உட்கார்ந்து, போட்டோவைப் பார்த்து முன்பக்கத்தைச் செய்தான். பின்பக்கத்துக்குப் போட்டோ இல்லை. கட்டிலில் அன்புமொழி சுவரைப் பார்த்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் பார்த்துப் பழகிய முதுகு உலகத்தில் அது ஒன்றுதான். அதைப் பார்த்துச் செய்தான்.

கண்காட்சி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மை, அதன் மேல் சுடச்சுட இரண்டு விளக்கு, சாவி குணசேகரனின் இடுப்பில்.

"முன்பக்கத்த விடுங்க, முன்பக்கம் எல்லா நாட்டுலயும் ஒண்ணுதான்," என்று அவர் கூட்டத்தைப் பின்னால் திருப்பினார். "முதுகப் பாருங்க! இடுப்புக்கு மேல அந்தக் குழி! கூட இருந்தவளப் பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கான்யா!"

ஜெரால்டு ஓரமாக நின்று, பள்ளிப் பிள்ளைகளும் ஒரு கவுன்சிலரும் வரிசையில் வந்து தன் மனைவியின் முதுகைப் பார்த்துவிட்டுப் போவதைக் கவனித்தான். சிரிப்புக்கூட வந்தது. அப்புறம்தான் பொம்மையின் குதிகாலைப் பார்த்தான். அங்கே கிளைவிட்ட ஒரு கீறல்.

விளக்கை அணைத்தான். குணசேகரன் வந்து போட்டார். மறுபடி அணைத்தான், மறுபடி போட்டார். "கரண்டு பில்லு ஒங்க அப்பாவா கட்டுறாரு?"

பொம்மையில் கீறல் முழங்காலைத் தாண்டிய அன்று அன்புமொழி சேலையைத் தூக்கிக் காட்டினாள். டாக்டர், வறண்ட சருமம் என்று சொல்லி, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். குடித்தாள். குடம் குடமாகக் குடித்தாலும் உதடு காய்ந்தே கிடந்தது. வீட்டுக்குள் எந்நேரமும் கோடையின் முதல் மழை விழுந்த வாசனை; வெளியே மழையே இல்லை. படுக்கை விரிப்பை உதறினால் தூள் பறந்தது. பொழுது சாய்ந்து வெயில் இறங்கும் வேளையில், மிக்ஸியும் டிவியும் ஓய்ந்த ஒரு இடைவெளியில், அவள் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்கும். சூளையில் பானை விரிசல் விடுவதுபோல.

டிக்.

"கேட்டுச்சா?" என்பாள்.

"பல்லி," என்பான் அவன்.

இடுப்பு. விலா. தோள்பட்டை. அவன் தொடப் பயந்தான். அவள் திரும்பிப் படுக்கப் பயந்தாள்.

கழுத்தைத் தாண்டித் தாடையைத் தொட்ட அன்று குணசேகரனே கூப்பிட்டார். சாயங்காலம் பொம்மை சென்னைக்குப் போகிறது. வேன் வாசலில் நின்றது. பெட்டியைத் திறந்து பொம்மையை மேசைமேல் வைத்திருந்தார்.

"ஒடம்பெல்லாம் விரிசல் விட்டுப்போச்சு. மெட்ராஸ்காரன் பாத்தா மானம் போயிரும். எதையாச்சும் பூசி அடைச்சுவிடு. சீக்கிரம்."

பையிலிருந்த டிபன் பாக்ஸில் அந்தச் சேறு கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஜெரால்டு அதைக் குழைத்தான். அன்புமொழியைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"சும்மாதான். பேசிக்கிட்டே இரு."

"என்னத்தப் பேச?"

விரலைச் சேற்றில் தொட்டுப் பொம்மையின் குதிகாலில் தடவினான். கீறல் மூடியது.

"ஏங்க..." குரல் மாறியது. "ஏங்க, குதிகாலு! வெடிப்பக் காணோம். சத்தியமா!"

அவனுக்குக் கண் கலங்கியது. முழங்கால். தொடை. இடுப்பு. அவள் ஒவ்வொன்றுக்கும் சிரித்தாள். "கூசுது! யாரோ தடவுற மாதிரி இருக்கு. நீங்கதானா? அங்கிட்டிருந்தே என்ன பண்றீங்க?" ஒரு வாரமாகக் கேட்காத சிரிப்பு. அவள் கண்ணாடி முன்னால் நிற்பது குரலிலேயே தெரிந்தது. "கழுத்தும் சரியாயிருச்சு. பசி வேற உயிர் போகுது. இட்லி ஊத்தி வைக்கிறேன், சீக்கிரம் வா..."

"வண்டிக்காரன் கத்துறான்யா!" குணசேகரன் குறுக்கே கையை விட்டார். தாடையில் மிச்சமிருந்த கீறலின் மேல் தன் கட்டைவிரலை அழுத்தி, மேல்நோக்கி ஒரே இழுப்பாக இழுத்தார். ஈர மண் வழவழவென்று நிரவியது. மூக்குக்குக் கீழே எல்லாம் ஒரே சமம்.

"சார். வாய்."

"ஆதிப் பொம்பளைக்கு வாய் எதுக்கு? பெரும்பாலும் வைக்கவே மாட்டான். இதுதான் அழகு." பஞ்சில் சுற்றினார். மரப்பெட்டியில் வைத்தார். மூடினார்.

போன் துண்டிக்கவில்லை. திரையில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அன்பு?"

மூச்சு. மூக்கால் விடும் மூச்சு. வேகமாக.

"அன்பு, பேசு."

ஏதோ கண்ணாடிமேல் மோதும் சத்தம். உள்ளங்கை மாதிரி. மறுபடி. மறுபடி.

"சார், ஒரே நிமிசம், தொறங்க, ஒரு கோடு, நகத்தால ஒரே ஒரு கோடு போட்டுடுறேன்..." பெட்டியோடு நகரத் தொடங்கிய வேனைப் பிடித்துக்கொண்டு ஜெரால்டு ஓடினான். குணசேகரன் உள்ளிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். வேன் புதுக்கோட்டை சாலையில் திரும்பியது. பைக்கில் துரத்தினான். லெவல் கிராசிங் கேட் மூடியிருந்தது. ரயில் போய் கேட் திறந்தபோது எதிரே இருந்தது வெறும் சாலை.

வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே இட்லி வெந்த வாசனை. டிவியில் யாரோ சபதம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்புமொழி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. கழுத்தும் கையும் எண்ணெய் தேய்த்ததுபோல் மின்னின. முன்னால் தட்டு. அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கண்கள் மட்டும் அவளுடையவை, நிரம்பியிருந்தன. மூக்குக்குக் கீழே தாடை வரை வழவழவென்று ஒரே தோல். அதன்மேல் சாம்பார் வழிந்திருந்தது. மடியெல்லாம் நசுங்கிய இட்லி.

அவள் இன்னொரு துண்டைப் பிய்த்துச் சாம்பாரில் தொட்டாள்.