லித்தியம் மாப்பிள்ளை

"டமார்!"

படகுத்துறைப் பக்கமிருந்து சத்தம். அடுத்த நொடி ஒரு பெண்ணின் அலறல்!

நூறடி தள்ளி, தன் பேட்டரிக் கடையில் நின்றிருந்த பெரிய மாப்பிள்ளையின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவி விழுந்தது.

புகைதானே வர வேண்டும்... சத்தம் எதற்கு?

அவர் திட்டம் போட்டது புகைக்கு மட்டும்தான். மாமனாரின் சுற்றுலாப் படகில் இரண்டு பேட்டரிகள். என்ஜினைக் கிளப்ப ஈய ஆசிட் பேட்டரி. அது பெரிய மாப்பிள்ளை மாட்டியது. விளக்குக்கும் ஃபேனுக்கும் லித்தியம் பேட்டரி. அது சின்ன மாப்பிள்ளை மாட்டியது. லித்தியம் அளவாகக் கரண்டைக் குடிக்கட்டும் என்று, இரண்டுக்கும் நடுவில் ஒரு சார்ஜரை வைத்திருந்தான் சின்னவன்.

நேற்று மத்தியானம் அந்தச் சார்ஜரைத் தாண்டி ஒரு தடித்த கேபிளைப் போட்டு, இரண்டு பேட்டரிகளையும் நேரடியாக இணைத்துவிட்டு வந்துவிட்டார் பெரியவர். இனி லித்தியம் இழுக்கிற இழுப்பில் என்ஜினோடு சுற்றிக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் கருகும். நடு ஆற்றில் படகு நிற்கும். மாமனார் முன்னால் சின்னவன் தலைகுனிவான்.

அவ்வளவுதான் ஆசை!

ஆறு வருஷமாக அந்த வீட்டில் மாப்பிள்ளை என்றால் இவர் ஒருவர்தான். இளையவளைக் கட்டிக்கொண்டு அந்த லித்தியம்காரன் வந்தான்... போச்சு! எதற்கெடுத்தாலும், "சின்ன மாப்பிள்ளைய ஒரு வார்த்தை கேளுங்க." வயிறு எரிந்தது. ஆசிட்டைக் குடித்தால்கூட அப்படி எரியாது.

ஓடினார்.

துறையில் கூட்டம். படகின் பின்பக்கம் பிளந்து, பாதி தண்ணீருக்குள் கிடந்தது. கரையில் சொட்டச் சொட்ட நனைந்து, கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்...

அவர் மனைவி!

"ஐயோ! நீ எதுக்குடி படகுல ஏறின?"

அவள் வாய் திறப்பதற்குள், பக்கத்தில் நனைந்து நின்ற சின்ன மாப்பிள்ளை சொன்னான்.

"பயப்படாதீங்கண்ணே. அண்ணிக்குக் கையில லேசா ஆசிட் பட்டிருக்கு, அவ்வளவுதான். தண்ணில விழுந்துட்டாங்க. நான் குதிச்சு இழுத்துட்டு வந்துட்டேன்."

காப்பாற்றியதும் இவன்தானா! கட்டிய புருஷன் வருவதற்குள் என்ன அவசரம் இவனுக்கு?

தகவல் போய், கொஞ்ச நேரத்தில் இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தார்.

"பேட்டரிக் கடைக்காரர் நீங்கதானே? ஏன் வெடிச்சுது?"

விடுவாரா பெரியவர்?

"நான் அன்னைக்கே தலைதலையா அடிச்சுக்கிட்டேன் மேடம்! ஈயம் நிதானமா சார்ஜ் ஆகும். லித்தியம் காஞ்ச மாடு கம்பங்கொல்லையில பாய்ஞ்ச மாதிரி! ரெண்டையும் ஒண்ணா கட்டினா வெளங்குமா? புதுசுன்னதும் எல்லாரும் வாயைப் பொளந்துக்கிட்டுப் பாத்தாங்க..."

"நான் ஒண்ணா கட்டலையேண்ணே" என்றான் சின்னவன். "நடுவுல சார்ஜர் வெச்சிருந்தேன். வெடிச்சப்புறம்தான் பாத்தேன், யாரோ கேபிள் போட்டு அதைத் தாண்டி விட்டிருக்காங்க. லித்தியம் ரொம்பினதும் தானா கழண்டுக்கிச்சு, அதுக்கு ஒண்ணும் ஆகல. அந்த அதிர்ச்சியில ஆல்டர்னேட்டரோட கட்டுப்பாடு போயிடுச்சு. மொத்தக் கரண்டும் ஈய பேட்டரி மேல! அது கொதிச்சு, என்ஜின் ரூமுக்குள்ள கேஸ் கட்டி, ஒரு பொறி பட்டு..."

பெரியவருக்குச் சுருக்கென்றது. வெடித்தது அவர் பேட்டரி! அந்த லித்தியம் சனியனுக்கு ஒரு கீறல்கூட இல்லை!

"நீங்க கடைசியா எப்போ படகுல ஏறினீங்க?" இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தார்.

"நானா? ஆறு மாசம் இருக்கும் மேடம். அந்தப் பக்கமே போறதில்ல."

சின்னவன் தயங்கித் தயங்கி, தண்ணீர் புகாத உறையிலிருந்து தன் போனை எடுத்து நீட்டினான்.

"மேடம்... லித்தியம் பேட்டரில ப்ளூடூத் இருக்கு. யாரு போன்ல திறந்து பாத்தாலும் எனக்குப் பேரோட பதிவாயிடும். நேத்து மத்தியானம் ஒண்ணு பத்துக்கு ஒருத்தர் பாத்திருக்காரு."

"யாரு?"

"அண்ணன்."

கேபிளை மாட்டிய கையோடு வந்திருக்கலாம்! பாழாய்ப்போன மனசு கேட்டால்தானே? அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் பெட்டிக்குள் என்று, ஊரெல்லாம் திட்டித் தீர்த்த லித்தியத்தின் ஆப்பைத் திருட்டுத்தனமாகப் போனில் இறக்கி, பத்து நிமிடம் ஏங்கி ஏங்கிப் பார்த்திருந்தார்.

"உன்னை அசிங்கப்படுத்தணும்னுதான்டா நெனச்சேன்!" பெரியவர் கத்தினார். "யாரையும் கொல்லணும்னு இல்லடா!"

மனைவி எழுந்து வந்தாள். அவள் அழவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"நான் எதுக்குப் படகுல ஏறினேன்னு கேட்டீங்களே... காலையில அப்பா இந்தப் படகை உங்க பேருக்கு எழுதிட்டாரு. சின்னவருக்குத் தர்றதாத்தான் இருந்தாரு. 'மூத்தவர் இருக்கும்போது எனக்கு எதுக்கு மாமா'ன்னு மறுத்ததே இவருதான். ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு, நேரா வந்து உங்க கையில சாவியைக் குடுக்கலாம்னு கிளம்பினோம்."

பெரியவர் திரும்பி படகைப் பார்த்தார். அவருடைய படகு... மீதிப் பாதியும் மெதுவாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

கான்ஸ்டபிள் விலங்கை மாட்டினார். ஜீப்பின் பின்கதவு திறந்தது. வாக்குமூலம் கொடுப்பதற்காகச் சின்ன மாப்பிள்ளை முன்பக்கம் ஏறி, டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

பெரியவர் சட்டென்று நின்றார்.

"இது என்ன நியாயம் மேடம்? அவனுக்கு முன்சீட்டு... எனக்குப் பின்சீட்டா?"

இன்ஸ்பெக்டர் அவர் தோளைத் தட்டினார்.

"விடுங்க சார்... அவரு வெறும் சாட்சி. கேஸ் பேப்பர்ல உங்க பேர்தான் முதல்ல!"